விமானப் பெட்டிகளோடு ஒரு சீவியம்

விமானத்தில் பிரயாணம் செய்கிறவர்களில், விமானி அமர்ந்திருக்கும் அறையின் தரைக்குக் கீழே, முன்சக்கரக் குழியை ஒட்டினாற்போல், மனிதன் நிமிர்ந்து நிற்க இடமில்லாத ஓர் அறை இருக்கிறதென்பதையும், அவ்வறையின் தட்டுகளில் வரிசையாகப் பூட்டப்பட்டிருக்கும் உலோகப் பெட்டிகளின் தயவிலேயே தாம் வழி தவறாமல் ஊர் போய்ச் சேருகிறோம் என்பதையும் அறிந்தவர் வெகு சிலரே. அறிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து, மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியில் றேடியோ சாஸ்திரம் பயின்று, கட்டுநாயக்காவில் உத்தியோகம் பார்த்து, வெள்ளவத்தையில் இளைப்பாறியிருக்கும் எனக்கோ, உலகத்தின் விஸ்தீரணமே அந்த அறையளவுதான் என்று தோன்றிய காலம் ஒன்று இருந்தது.

எங்கள் தொழிலுக்கு ஏவியோனிக்ஸ் என்று பெயர். ஆனால் எஞ்சினோடு மல்லுக்கட்டும் மெக்கானிக்குகள் எங்களைக் கடைசிவரையில் ‘றேடியோக்காரர்’ என்றே அழைத்தார்கள். கையில் எண்ணெய்க் கறுப்புப் படியாதவன் வேலைக்காரனே அல்லன் என்பது அவர்களுடைய சித்தாந்தம்.

எயார்லங்கா 1979 செப்டெம்பரில் பறக்கத் தொடங்கி, மறு வருஷமே லொக்ஹீட் டிரைஸ்டார் விமானங்களைத் தருவித்துக்கொண்டது. கம்பீரமான விமானம், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத மூடுபனியிலும் தானாகவே தரையிறங்க வல்லது. ஆனால் அதன் வயிற்றுக்குள் ஒவ்வொரு செய்திக்கும் ஒவ்வொரு கம்பிக்கூட்டம் ஓடிற்று. திசைகாட்டியின் முள்ளைத் திருப்ப ஒரு கூட்டம், உயரமானிக்கு ஒரு கூட்டம், பிழை நேர்ந்தால் சிவப்புக் கொடி காட்ட வேறொரு கம்பி என்று, பெருமரத்தின் வேர் போன்ற அந்தப் பிணைப்பில் எங்கோ ஒன்று முறிந்துவிட்டால், வரைபடத்தை முழங்காலில் விரித்து வைத்துக்கொண்டு, மீட்டரின் முனையால் கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்ப்பதிலேயே ஓர் இரவு கழிந்துவிடும். பிற்பாடு 1990களில் எயார்பஸ் ஏ320 வந்தபோதுதான், அதுவரை ஆங்கிலச் சஞ்சிகைகளில் மட்டும் வாசித்திருந்த ஆரிங்க் 429 என்ற நியமத்தைக் கையால் தொடும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது.

அந்த நியமத்தின் அழகை இங்கே சற்று விஸ்தரித்துச் சொல்லவேண்டும். முறுக்கிய இரண்டு கம்பிகள். அவற்றில் ஒரே ஒரு பெட்டி பேசும், இருபது பெட்டிகள் வரையில் கேட்கலாம். பேசுவது 32 பிட் கொண்ட சொற்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எட்டு பிட்டும் அச்சொல் எதைப் பற்றியது என்று கூறும் இலக்கம். அதை எட்டின் அடிமானத்தில் எழுதுவதால் அவ்விலக்கங்களில் 8, 9 என்ற எண்கள் ஒருபோதும் வருவதில்லை. 203 என்றால் காற்றின் அழுத்தத்தைக் கொண்டு கணித்த உயரம். 204 என்றால் அதே உயரத்தை அன்றைய நிலைய அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்தியது. 164 என்றால் றேடியோ அலையைத் தரையில் மோதவிட்டு அளந்த உயரம். சொல்லின் வாற்பக்கத்தில் இரண்டு பிட்கள், ‘இந்த எண்ணை நம்பலாம்’, ‘இது சோதனைக்காக அனுப்பியது’, ‘எனக்கே நோய், என்னை நம்பவேண்டாம்’ என்று அந்தப் பெட்டி தன்னுடைய யோக்கியதையைத் தானே சொல்லிக்கொள்ளும். மனிதர்களுக்கும் இப்படி இரண்டு பிட் இருந்தால் கச்சேரி வழக்குகள் பாதியாகக் குறைந்திருக்கும்.

பெட்டியின் வடிவத்துக்கும் நியமம் உண்டு. முழு அளவுப் பெட்டி 10.12 அங்குல அகலம். பிற்கால நியமம் அதை எட்டுக் கூறாக்கி, இன்ன கருவி இத்தனை கூறு என்று வகுத்தது. விமானி பேசும் வீஎச்எஃப் றேடியோவுக்கு மூன்று கூறு. ஏ320இன் தட்டில் அதைக் கழற்றுவதென்றால், முன்னால் இருக்கும் இரண்டு சொரசொரப்பான திருகுகளைத் தளர்த்தி, கைப்பிடியைப் பற்றிச் சற்றுத் தூக்கி இழுக்கவேண்டும். பின்புறத்துக் கொனெக்டர் விடுபடும்போது கைக்கு மட்டும் தெரியும் ஒரு சிறு தயக்கம் இருக்கும், அதன் பிறகு பெட்டி வழுக்கிக்கொண்டு வரும். கொனெக்டரின் மூலைகளில் மூன்று சாவிமுனைகள் உண்டு. வேறு கருவியைத் தவறித் தள்ளினால் அம்முனைகள் முட்டி நிறுத்திவிடும். ஆனால் ஒரே கருவியை ஒரு கொம்பனி செய்திருந்தாலும் அதன் போட்டிக் கொம்பனி செய்திருந்தாலும், பாகப் பட்டியலில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டபின், கொலின்ஸ் உட்கார்ந்திருந்த இடத்தில் பெண்டிக்ஸை உட்காரவைக்கலாம். தட்டும் அறியாது, விமானியும் அறியார். நள்ளிரவில், காலை விமானத்துக்கு உதிரிப் பெட்டி இல்லாமல், தூரதேசத்து விமானக் கொம்பனி ஒன்று இங்கே வைத்திருந்த பெட்டியை இரவல் வாங்கிப் பொருத்தி, பச்சை விளக்கு எரியக் கண்ட தருணங்களில், முன்பின் காணாத யாரோ சில பொறியியலாளர்கள் எங்கோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து செய்த தர்மம் இது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

உண்மையில் அது தர்மமன்று, வியாபாரம். அதுவும் விற்கிறவனுடைய வியாபாரமன்று, வாங்குகிறவனுடைய வியாபாரம். 1929 டிசெம்பரில் அமெரிக்க விமானக் கொம்பனிகள் ஒன்று சேர்ந்து, தங்களுக்குள் போட்டியிருந்தபோதிலும் றேடியோ விஷயத்தில் மாத்திரம் ஒரே குரலாகப் பேசுவதென்று தீர்மானித்துத் தொடக்கிய ஸ்தாபனமே ஆரிங்க். இவ்வழியில் பிற்காலத்தில் அமைந்த பொறியியலாளர் குழுக்களின் கொள்கை சுலபமானது: பெட்டிக்குள் என்ன வித்தை காட்டுவதென்பது செய்கிறவனின் சாமர்த்தியம், பெட்டிக்கு வெளியே அளவும் துளையும் கம்பியும் சொல்லும் எப்படி இருக்கவேண்டுமென்பது காசு கொடுக்கிறவனின் தீர்மானம். செய்கிறவர்கள் இதை விரும்பி ஏற்றார்கள் என்று சொல்லமாட்டேன். எந்த வியாபாரியும் தன் கடைக்கு வந்தவன் அடுத்த கடைக்கும் போகக்கூடிய வழியைத் தானே வெட்டிக் கொடுப்பதில்லை. கொழும்பு வீடுகளில் வட்டமுனைச் செருகியும் சதுரமுனைச் செருகியும் ஒன்றோடொன்று சேராமல் நாம் பட்ட பாடு, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுரமுனையையே நாட்டின் ஒரே நியமமாக்கிய பிறகுதானே ஓயத் தொடங்கிற்று. கடைக்காரர் எவரும் அதுவரை அதைப் பற்றிக் கவலைப்பட்டதாக நினைவில்லை.

யுத்த விமானங்களின் கதை வேறு. அங்கே வாங்குகிறவன் அரசாங்கம். விற்கிறவன் ஒரு பெருங் கொம்பனி. நடுவில் இரகசியம் என்றொரு திரை. கம்பியைப் பொறுத்தமட்டில் அவர்களும் சீக்கிரமே விழித்துக்கொண்டார்கள். 1973இல் அமெரிக்க விமானப்படை வெளியிட்ட 1553 என்ற இராணுவ நியமத்தின்படி, ஒரே கம்பிப்பாதையில் 31 கருவிகள் வரையில் சேர்ந்து, ஒரு தலைவனின் கட்டளைக்குக் காத்திருந்து, விநாடிக்குப் பத்து இலட்சம் பிட் வேகத்தில் பேசலாம். எஃப்-16 விமானம் அதைக் கொண்டே பறந்தது. ஆனால் கம்பி பொதுவாகிவிட்டதே தவிர, கம்பியின் முனையில் இருக்கும் கணினிக்குள் எழுதப்பட்ட மென்பொருள் பொதுவாகவில்லை. ஒரு ஹெலிகொப்டரில் நிலப்படத்தைத் திரையில் காட்டும் புரோகிராம் ஒன்று செம்மையாக ஓடுகிறதென்று வைத்துக்கொள்வோம். அதே சேனையின் வேறொரு ஹெலிகொப்டருக்கு அது வேண்டுமென்றால், அங்கே கணினி வேறு, இயங்குதளம் வேறு, செய்தி வரும் முறை வேறு என்பதால், திரும்ப எழுதி, திரும்பச் சோதித்து, திரும்பக் காசும் கொடுக்கவேண்டும். வரிகொடுப்போனின் பணத்தில் ஒரே நிலப்படம் பல முறை எழுதப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக என் மனம் ஒப்பவில்லை. இலங்கையில் யுத்த விமானம் என்று பேச்செடுத்தால் தமிழனுக்கு முதலில் நினைவுக்கு வருவது கிபிர். பிரெஞ்சு மிராஜின் உடலும் அமெரிக்க எஞ்சினும் கொண்டு இஸ்ரேல் சமைத்த அந்த விமானம் 1996இல் இங்கே வந்தது. வடக்கிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிய உறவினர், வெள்ளவத்தைக் கடலுக்கு மேலே பிரயாணிகள் விமானம் போகும் சத்தத்துக்கே பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அக்காலத்தில் வெள்ளவத்தைத் தமிழன் ஒருவன் தன் வீட்டு மேசையில் சோல்டரிங் அயனும் நாலு முழக் கம்பியும் வைத்திருப்பதே சோதனைக்கு வருகிறவர்களிடம் நெடிய விளக்கம் கூறவேண்டிய காரியமாதலால், என்னுடைய கருவிகளை நான் வேலைத்தலத்திலேயே பூட்டி வைத்துவிட்டு வருவேன். பெட்டிகளின் சாஸ்திரத்தைப் பற்றி எழுதுகையில் அவ்விமானங்களுக்குக் கீழே இருந்தவர்களை மறந்துவிட்டேன் என்று எவரும் எண்ணவேண்டாம்.

யுத்தம் முடிந்து பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின், 2021 ஜூனில், ஐந்து கிபிர் விமானங்களைச் சுமார் ஐந்து கோடி அமெரிக்க டொலர் செலவில் புதுப்பிக்க இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட செய்தி வெளியாயிற்று. பழைய ஏவியோனிக்ஸை அகற்றிப் புதியதைப் பொருத்துவதும், பின்னால் நவீன ராடரையும் உணரிகளையும் சேர்ப்பதற்கு இடம் செய்வதும், நம்மவர்களுக்குத் தொழில் பழக்குவதும் அதில் அடங்கும் என்றார்கள். ‘பின்னால் சேர்ப்பதற்கு’ என்ற வார்த்தையைப் பத்திரிகையில் வாசித்தபோது, என்னுடைய கை தானாகவே பேனாவை எடுத்து அதன் கீழே கோடிட்டது. பின்னால் சேர்க்கப்போகிறவர் யார்? அதே கொம்பனியா, அல்லது அன்றைக்கு நயமான விலை சொல்லும் வேறொருவரா? ஒரு விமானத்தின் விலையைப் பாதியாக்குவதும் இரட்டிப்பாக்குவதும் இந்தக் கேள்விதான். நம் விமானப்படையின் கொட்டில்களிலோ இஸ்ரேலியக் கிபிரும் உக்ரேனிலிருந்து வந்த மிக்-27உம் அன்ரனோவும், சீனத்து எஃப்-7உம், அமெரிக்க பெல் ஹெலிகொப்டரும் ஒரே காலத்தில் நின்றன. இவை ஒவ்வொன்றும் தனித்தனி உதிரிப் பாகங்களையும் சோதனை மேசையையும் கைநூலையும் கோருவதால், எங்கள் வீஎச்எஃப் பெட்டியைப் போல ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் வைப்பதென்பது அங்கே கனவிலும் நடவாது.

அமெரிக்கர்களுக்கே இந்த விரயம் பொறுக்கமுடியாமற் போய், 2010இல் அவர்களுடைய கடற்படையும் தரைப்படையும் விமானப்படையும், தங்களுக்கு விற்கும் கொம்பனிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, யுனிக்ஸ் என்ற பெயரின் உரித்தாளரான ஓப்பன் குரூப்பின் பரிபாலனத்தில் ஃபேஸ் என்ற கூட்டவையத்தை அமைத்தன. அதன் நியமத்தின் முதற் பதிப்பு 2012இலும் மூன்றாம் பதிப்பு 2017இலும் வெளிவந்தன. ஆரிங்க் பெட்டிக்கு வெளியே செய்ததை ஃபேஸ் பெட்டிக்குள்ளே செய்யப் பார்க்கிறது என்று சொன்னால் எங்கள் தொழிலாளருக்கு விளங்கிவிடும். மென்பொருளை அது ஐந்து பகுதிகளாக வெட்டுகிறது. அடியில் இயங்குதளம். அதன் மேல், 429 ஆனாலும் 1553 ஆனாலும் கம்பியோடு பேசும் சங்கடத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் ஒரு பகுதி. அடுத்து, அந்தந்த விமானத்தின் கருவிகளுக்கே உரிய பிரத்தியேகங்களை விழுங்கிக்கொள்ளும் ஒரு பகுதி. பிறகு செய்தியை இங்குமங்கும் எடுத்துச் செல்லும் பகுதி. எல்லாவற்றுக்கும் மேலே, நிலப்படம், வழிகாட்டல் போன்ற உண்மையான உத்தியோகத்தைச் செய்யும் பகுதி. இந்த மேற்பகுதிக்குத் தான் எந்த விமானத்தில் இருக்கிறேன் என்று தெரியாது, தெரியவும் கூடாது. 2016இல் இந்நியமத்துக்கு இணங்கியதென்று முதன்முதற் சான்று பெற்ற மென்பொருளும், பொருத்தமாக, ஒரு நிலப்படமே.

இதில் என்னைக் கவர்ந்தது ஐந்து பகுதி என்ற அமைப்பன்று. அப்படி வெட்டுவது கணினிக்காரர்களுக்குப் பழக்கமான காரியம். தரவு மாதிரி என்று அவர்கள் சொல்லும் பகுதியைப் படித்தபோதே எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றிற்று. கொழும்பில் மென்பொருள் எழுதும் என் சகோதரியின் மகன், நான் 203, 204, 164 என்று அளந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, “மாமா, எங்கட புரோகிராமிலை உயரம் எண்டால் அது வெறும் ஒரு நம்பர்தானே. மூண்டு உயரம் எதுக்கு?” என்று கேட்டான். மலைக்கு மேலே பறக்கும்போது, கடல்மட்டத்திலிருந்து 9,000 அடி என்ற எண்ணும் தரையிலிருந்து 800 அடி என்ற எண்ணும் ஒரே கணத்தில் உண்மையாயிருக்கும் என்றும், ஒன்றை மற்றதென்று எண்ணிய புரோகிராம் விமானத்தை மலையில் கொண்டுபோய் முட்டிவிடும் என்றும் நான் விளக்கவேண்டியதாயிற்று. இரண்டு கொம்பனிகள் எழுதிய இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசவேண்டுமானால், ‘உயரம்’ என்ற பெயர் ஒத்திருந்தால் மாத்திரம் போதாது. எதிலிருந்து அளந்தது, அடியா மீற்றரா, எத்தனை நுட்பம், எந்தக் கணத்தில் அளந்தது என்பதெல்லாம் யந்திரம் வாசிக்கக்கூடிய விதத்தில் எழுதி ஒப்படைக்கப்படவேண்டும். ஃபேஸ் இதைக் கட்டாயமாக்குகிறது. 429இன் இலக்கப் பட்டியலைத் தயாரித்தவர்களின் அதே பொறுமை இங்கே ஆயிரம் மடங்காகத் தேவைப்படும். இதில் கீர்த்தி இல்லை, ஆகையால் இதைச் செய்பவரைக் கண்டுபிடிப்பதும் அரிது.

மறுபடியும் உபயோகிக்கலாம் என்ற சொல்லிலே ஒரு மயக்கம் இருக்கிறது. 1996 ஜூன் 4ஆம் திகதி ஏரியான்-5 என்ற ஐரோப்பிய ரொக்கெட் தன் முதற் பயணத்தில் சுமார் நாற்பது விநாடிகளில் சிதறிப் போயிற்று. ஏரியான்-4இல் பழுதின்றி ஓடிய வழிகாட்டி மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ரொக்கெட் பழையதைவிட வேகமாகக் கிடைத்திசையில் நகர்ந்தபடியால், 64 பிட்டில் இருந்த ஓர் எண் 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்தது; முதற் கணினி நின்றது; துணைக் கணினியும் அதே மென்பொருளை ஓட்டியதால் அதே காரணத்துக்காக நின்றிருந்தது. அந்தக் கணக்கோ தரையை விட்டு எழும்பிய பிறகு இந்த ரொக்கெட்டுக்குத் தேவையே இல்லாதது. இதை அறிந்த எவரும், நியமத்துக்கு இணங்கிய மென்பொருளென்றால் பெட்டியைப் போல் எடுத்துச் சொருகிவிடலாம் என்று நம்பமாட்டார். ஆரிங்க் 653 என்ற நியமம், ஒரே கணினியில் ஓடும் பல மென்பொருள்களுக்கு நேரத்தையும் நினைவகத்தையும் சுவர் எழுப்பிப் பங்கிட்டுக் கொடுத்து, ஒன்று விழுந்தால் மற்றது விழாமற் காக்கிறது. ஃபேஸும் தன் இயங்குதளப் பகுதியில் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. இருந்தும், ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு வந்த மென்பொருள் அங்கேயும் பறக்கத் தகுந்ததா என்ற பரீட்சையை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. திரும்ப எழுதும் செலவு மிச்சமாகும். திரும்பச் சோதிக்கும் செலவு குறையும், மறையாது. கொம்பனிப் பிரதிநிதிகளின் பளபளப்பான படங்களில் இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் கண்டதில்லை.

அமெரிக்கா தன் பெருந்திட்டங்களில், 2019 ஜனவரிக்குப் பிறகு அங்கீகாரம் பெறுபவை இப்படிக் கழற்றி மாற்றக்கூடிய திறந்த அமைப்பிலேயே இருக்கவேண்டுமென்று சட்டமே இயற்றிவிட்டது. அவ்வளவு பெரிய வாங்குகிறவனுக்கே சட்டத்தின் துணை வேண்டியிருந்தது. இந்தியா வேறு வழியாகப் போயிற்று. சுகோய்-30 விமானத்தை ரஷ்யாவிடம் வாங்கியபோது, ரஷ்ய, பிரெஞ்சு, இஸ்ரேலியக் கருவிகளை 1553 பாதையில் கோத்துவிட்டு, நடுவில் இருந்து ஆளும் கணினியைப் பெங்களூரில் தாங்களே செய்தார்கள். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘வெற்றிவேல்’. ஆடிவேல் புறப்படும் ஊரிலிருந்து எழுதுகிறவன் இதைக் குறிப்பிடாமல் விட்டால் பாவம் வரும். அதன் வழிவந்த கணினிகள் பிற்பாடு மிக்-27, ஜாகுவார் விமானங்களின் புதுப்பித்தலுக்கும் உதவின. நடுக்கணினியும் அதன் மென்பொருளும் தன் கையில் இருந்தால், சுற்றியிருக்கும் கருவிகளை எவனிடம் வாங்கினாலும் ஒருவாறு சமாளிக்கலாம் என்பது அவர்களுடைய யுக்தி.

ஐந்து விமானங்களை வைத்திருக்கும் நாடு சட்டம் இயற்றியும் ஆகப்போவதொன்றில்லை. நடுக்கணினியைச் செய்யப் பணமும் இல்லை. பெரிய கொள்வனவுக்காரர் கூடி வென்றெடுத்த நியமத்தின் நிழலில் ஒதுங்குவதே அதற்கு உசிதம். எயார்லங்கா போன்ற ஒரு சிறு கொம்பனி ஆரிங்கின் நிழலில் அப்படித்தான் பிழைத்தது. கேள்விப்பத்திரம் எழுதும் அதிகாரி என்னிடம் யோசனை கேட்பாரானால் (கேட்கமாட்டார், இளைப்பாறியவனிடம் தேகசுகத்தைத் தவிர வேறெதையும் எவரும் விசாரிப்பதில்லை), பெட்டிகளுக்கிடையே ஓடும் ஒவ்வொரு சொல்லின் விவரத்தையும் கொண்ட இடைமுக ஆவணங்கள் விமானத்தோடு கூடவே வந்து சேரவேண்டுமென்றும், அவற்றை மூன்றாமவருக்குக் காட்டும் உரிமை நமக்கு இருக்கவேண்டுமென்றும் ஒரு வாசகம் சேர்க்கச் சொல்வேன். மூல நிரலைக் கேட்கவேண்டியதில்லை, கேட்டாலும் கிடையாது. ஃபேஸும் அதைக் கேட்பதில்லை. ஆவணத்துக்கு விற்பனையாளர் தனி விலை சொல்லுவார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சொல்லப்படும் அந்த விலையைப் பேரம் பேசி இறக்கலாம்.

இதை நான் சொல்லி முடிக்குமுன் மருமகன் குறுக்கிட்டான். “ஆவணத்தை வாங்கி அலுமாரியிலை பூட்டி வைச்சால் சரியே மாமா? வாசிக்க ஆர் இருக்கினம்?” சுனாமிக்குப் பிறகு இதே கொழும்பில் சில இளைஞர்கள் சில வாரங்களில் எழுதிய ‘சஹானா’ என்ற நிவாரண மென்பொருள், மறு வருஷமே பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் பின்னர் ஹெய்ட்டிக்கும் போய் உழைத்ததை அவனுக்கு நினைவூட்டினேன், ஆகையால் ஆள் இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் அவன் கேட்டது வேறு. மென்பொருள் அறிந்தவனுக்கு விமானம் தெரியாது, விமானம் அறிந்தவனுக்கு மென்பொருள் தெரியாது, இரண்டும் தெரிந்தவன் மெல்பேணிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறான் என்பதே அவன் முறைப்பாடு. நியாயமான முறைப்பாடு. ஃபேஸ் நியமம் எவரும் இலவசமாக எடுத்து வாசிக்கக்கூடியது. அதை அவனும் அவனுடைய இரண்டு சிநேகிதரும் இறக்கி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு மேசையில், எட்டும் ஒன்பதும் இல்லாத எண்களில் கூட்டவும் கழிக்கவும் நான் அவர்களுக்குப் பழக்குகிறேன். 653இன் சுவர்களை அவர்கள் எனக்கு விளக்குகிறார்கள். 429இன் இலக்கத்து எட்டு பிட் மட்டும் மற்றவற்றுக்கு எதிர்மாறான ஒழுங்கில் ஏன் வருகிறதென்ற வாக்குவாதம் இன்னும் தீரவில்லை.